கையில் இருக்கும் காசு கள்ளக் காசா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

கள்ளக் காசைப் பற்றிய பேச்சு நம்மிடம் பெரும்பாலும் படத்தில்தான் தொடங்கும். "அதுல கோடு பத்து இருக்கணும்", "ரூபாய்க் குறி இல்லைன்னா செல்லாது", "இந்த மாதிரி தலையை நான் பார்த்ததே இல்லை" என்று காசின் முகத்தைப் பார்த்தே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் நாட்டுக் காசுகளில் அடிக்கடி மாறுவது அந்தப் படம்தான். அதே படத்தைத்தான் கள்ளக் காசு அடிப்பவனும் முதலில் சரியாகக் கொண்டுவரப் பார்ப்பான். அவனால் எளிதில் கொண்டுவர முடியாதவை வேறு: உலோகம், எடை, விளிம்பு, இரட்டை உலோகக் காசில் நடு வட்டமும் வெளி வளையமும் சேரும் இடம். அதனால் படம் வேறாக இருப்பதை வைத்து ஒரு காசைத் தள்ளாதீர்கள். வேலைப்பாடு மட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கீழே உள்ள எல்லாமே இந்த அடிப்படையில் எழுதியதுதான்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியது, சந்தேகக் காசின் அதே மதிப்பில், அதே வடிவமைப்பில், முடிந்தால் அதே ஆண்டில் வந்த ஒரு நல்ல காசு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வங்கியில் நேரடியாக வாங்கிய சில்லறையிலிருந்து ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் ஒரு சின்னக் காந்தம், நகை எடை போடும் சிறிய டிஜிட்டல் தராசு, பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி இல்லையென்றால் செல்போன் கேமராவில் கிட்டே வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அதுவே போதும்.

"படம் வேற மாதிரி இருக்கு"

இந்தச் சந்தேகத்தோடு வருகிற காசுகளில் ஏறக்குறைய எல்லாமே நல்ல காசுகள்தான். பத்து ரூபாய்க் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 என்று ஆண்டு பொறித்த முதல் காசுகள் 2009-இல்தான் புழக்கத்துக்கு வந்தன. அவற்றில் வேற்றுமையில் ஒற்றுமையைக் குறிக்கும் குறுக்குக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். அடுத்து 2008, 2009, 2010 என்று ஆண்டு போட்ட வகையில் எண்ணுக்கு மேலே பதினைந்து கதிர்கள். 2010 ஜூலையில் ரூபாய்க் குறியை அரசு ஏற்றுக்கொண்டது. 2011 முதல் வந்த காசுகளில் அந்தக் குறி சேர்ந்தது, கதிர்கள் பத்தாகக் குறைந்தன. பதினைந்து கோடு போட்டது போலி என்ற வதந்தி கிளம்பியது இந்த மாற்றத்திலிருந்துதான். இரண்டும் அரசு அடித்தவை, இரண்டும் செல்லும்.

2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவரை பத்து ரூபாய்க் காசு 14 வடிவமைப்புகளில் வந்திருப்பதாகவும், எல்லாமே செல்லும் என்றும், பரிவர்த்தனைக்கு ஏற்கலாம் என்றும் அதில் சொன்னது. 2016 நவம்பரிலும் இதே போல ஒரு விளக்கம் கொடுத்திருந்தது. 14440 என்ற இலவச எண்ணையும் அறிமுகப்படுத்தியது. அதை அழைத்தால் இணைப்பு துண்டிக்கப்படும், பிறகு அங்கிருந்தே அழைப்பு வந்து, பதிவு செய்த குரலில் விளக்கம் சொல்லும். இவ்வளவுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் சென்னையில் தயக்கமில்லாமல் போகிற அதே காசு சில மாவட்டங்களில் கை மாறாமல் நிற்கிறது. காசில் எந்தக் கோளாறும் இல்லை. "நான் வாங்கினா என்கிட்ட இருந்து யார் வாங்குவா?" என்ற பயம்தான் அதை நிறுத்தி வைக்கிறது. இந்தப் பயத்தால் நஷ்டப்படுவது பேருந்தில் சில்லறையாக வாங்கிக்கொண்டு வந்தவரும், நாள் கூலியைக் காசாக வாங்கியவரும். அவர்களுக்காகவாவது இந்த வதந்தியை நாம் ஒவ்வொருவரும் நம் கல்லாவில் நிறுத்த வேண்டும்.

நினைவு நாணயங்கள் இதைவிடக் குழப்பும். ரிசர்வ் வங்கியின் 75ஆம் ஆண்டுக்காக 2010-இல், ஹோமி பாபா நூற்றாண்டுக்காக, வைஷ்ணோ தேவி கோயில் நிர்வாக வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக, அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டுக்காக 2015-இல் என்று பத்து ரூபாயில் பல வந்தன. ஐந்து ரூபாயில் நமக்கு நெருக்கமானவை நிறைய: 1995 உலகத் தமிழ் மாநாட்டின் திருவள்ளுவர், காமராஜர் நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு, 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டுக் காசு. அண்ணா காசில் அவருடைய கையெழுத்தே தமிழில் இருக்கும். இப்படி ஒன்று கைக்கு வந்தால், "இதென்ன, தமிழ் எழுதியிருக்கு!" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எனவே படம் புதிதாக இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒருபுறம் அசோகர் சின்னமும் "பாரத்", "இந்தியா" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் படத்தை மறந்துவிட்டுக் கீழே சொல்லும் மற்ற அறிகுறிகளுக்குப் போங்கள். அசோகர் சின்னமே இல்லையென்றால் அது பெரும்பாலும் வேறு நாட்டுக் காசு. "இலங்கை" என்று தமிழில் எழுதியிருக்கும் இலங்கைக் காசுகள் நம் சில்லறையில் கலந்து வருவது உண்டு. அது போலி இல்லை, இங்கே செல்லாத காசு, அவ்வளவுதான்.

"ஒரு ரூபாயா ரெண்டு ரூபாயான்னே தெரியல"

இது போலிச் சந்தேகமாகவே அடிக்கடி வருகிறது. 1992-இல் வந்த எஃகு ஒரு ரூபாய்க் காசு 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் வந்த இரண்டு ரூபாய்க் காசும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். அதேபோல 2011 ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். இது 1988-இல் வந்த எஃகு ஐம்பது காசின் அளவு, எடை அப்படியே. இருட்டில் தடவிப் பார்த்தால் யாராலும் பிரிக்க முடியாது. எழுத்தைப் படித்து மதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள், அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2019-இல் பார்வையற்றோருக்கு உதவும் வரிசையாகப் புதிய காசுகளை அரசு வெளியிட்டபோது, மதிப்பு கூடக்கூட அளவும் எடையும் கூடும்படி அமைத்தது.

ஐம்பது காசு பற்றியும் ஒரு வார்த்தை. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயின. ஐம்பது காசு இன்னும் செல்லும்.

"கையில் எடுத்தால் லேசாக இருக்கு"

ஐந்து ரூபாயில் இந்தப் புகார் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. 1992-இல் வந்த ஐந்து ரூபாய், செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை நிறக் காசு, 9 கிராம். 2007-இல் அதே 23 மில்லிமீட்டரில் எஃகுக் காசு வந்தது, வெறும் 6 கிராம். 2009-இல் நிக்கல் பித்தளையில் மஞ்சள் நிறத்தில் வந்ததும் 6 கிராம்தான். பழைய கனமான காசுக்குப் பழகிய கைக்கு மற்ற இரண்டும் லேசாகத்தான் தெரியும். அந்தக் கனமான காசு வங்காளதேசத்துக்குக் கடத்தப்பட்டு, உருக்கிச் சவர பிளேடு செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்ததும் நினைவிருக்கலாம். முகமதிப்பைவிட உலோகத்தின் விலை கூடிப்போனதன் விளைவு அது.

ஆகவே "லேசு" என்பதைக் கையால் முடிவு செய்யக் கூடாது. தராசில் வையுங்கள். பொதுவாகப் புழங்குபவற்றின் எடை: 2011 வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85, ஐந்து ரூபாய் 6, பத்து ரூபாய் 7.71, 2020-இல் புழக்கத்துக்கு வந்த இருபது ரூபாய் 8.54. வருடக்கணக்கில் புழங்கித் தேய்ந்த காசில் சிறிது குறையும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் எழுத்து தேயாமல் புதிதாக இருக்கிற காசு, அதே வகை நல்ல காசைவிட அரை கிராம் குறைந்தாலோ கூடினாலோ அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நுண்ணிய தராசு இல்லையா? சரி. ஒரு அளவுகோலின் நடுவே, அடியில் பென்சிலை வைத்துச் சமமாக நிறுத்துங்கள். இரு பக்கமும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் நல்ல காசு ஒன்று, சந்தேகக் காசு ஒன்று வையுங்கள். பிறகு இடம் மாற்றி வைத்து மறுபடியும் பாருங்கள். இரண்டு முறையும் சந்தேகக் காசு இருந்த பக்கமே மேலே எழும்பினால் எடை நிச்சயம் குறைவு. சமையலறைத் தராசில் பத்துக் காசுகளைச் சேர்த்துப் போடுவது மொத்தமாக வரும் சில்லறையைச் சோதிக்க உதவும் (பத்து ரூபாய் பத்து என்றால் 77 கிராம் பக்கம் வர வேண்டும்), ஆனால் அதில் ஒரே ஒரு கள்ளக் காசு இருந்தால் காட்டிக்கொடுக்காது. சிறு மதிப்புக் காசுகளை வங்கிகள் எண்ணாமல் எடை போட்டு வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. எடை அந்த அளவுக்கு நம்பகமானது.

"காந்தத்தில் ஒட்டுது"

ஒட்டுவதே தவறு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகுக் காசுகளில் 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும். அவை காந்தத்தில் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். 2007 வாக்கில் வந்த எஃகு ஐந்து ரூபாயும் ஒட்டும். மஞ்சள் ஐந்து ரூபாய் ஒட்டாது. 1992 வகை கனமான வெள்ளை ஐந்து ரூபாயும் ஒட்டாது.

இருபது ரூபாயில் இந்தச் சோதனை இன்னும் தெளிவு. அதன் வெளி வளையம் செம்பு 65, துத்தநாகம் 15, நிக்கல் 20 விழுக்காடு. நடுப்பகுதி செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5. இரண்டிலும் இரும்பே கிடையாது. இருபது ரூபாய்க் காசு காந்தத்தை நோக்கித் தாவினால் அதை மேலும் விசாரிக்க வலுவான காரணம் இருக்கிறது.

பத்து ரூபாயில் வெளி வளையம் அலுமினியம் சேர்த்த வெண்கலம், அது ஒட்டக் கூடாது. நடுப்பகுதியைப் பொறுத்தவரை, அதே ஆண்டு, அதே வகை நல்ல காசு எப்படி நடந்துகொள்கிறதோ சந்தேகக் காசும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். நல்லது ஒட்டாமல் இது மட்டும் ஒட்டினாலோ, நல்லது ஒட்டி இது ஒட்டாவிட்டாலோ சந்தேகம் வலுக்கிறது. வெவ்வேறு ஆண்டுக் காசுகளை ஒப்பிட்டு இந்த முடிவுக்கு வரவே கூடாது.

"தட்டினால் சத்தம் சரியில்லை"

இதை நம்ப வேண்டாம். வெள்ளி ரூபாய்க் காலத்தில் சுண்டிப் பார்த்துச் சொன்னது அந்த உலோகத்துக்குப் பொருந்தியது. இரட்டை உலோகக் காசு நல்லதாகவே இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும், இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வை அடக்கிவிடும்.

"நடு வட்டமும் வளையமும் சேரும் இடம் சரியில்லை"

பத்து, இருபது ரூபாய்க் காசுகளில் என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நாணயச்சாலையில் நடுத்துண்டை வளையத்துக்குள் வைத்து, பெரிய அழுத்தத்தில் ஒரே அடியில் அச்சடிப்பார்கள். அந்த அழுத்தத்தில் இரண்டு உலோகங்களும் பரவி ஒன்றை ஒன்று இறுகக் கவ்விக்கொள்ளும். கூடவே படமும் பதியும். அதனால் நல்ல காசில் சேரும் கோடு மெல்லிய, சீரான வட்டமாக இருக்கும். நகத்தால் குறுக்கே தடவினால் பெரிய தடங்கல் தெரியாது. பத்து ரூபாயில் எண்ணுக்கு மேலிருந்து கிளம்பும் கதிர்களைப் போல, வடிவத்தின் ஒரு பகுதி அந்தக் கோட்டைத் தாண்டிச் செல்லும் வகைகளில் இரு பக்கமும் நேர்கோட்டில் தொடரும்.

கள்ளக் காசில் இந்த இடம்தான் கோட்டைவிடும். பூதக்கண்ணாடியில் பாருங்கள். சேரும் கோடு ஓரிடத்தில் தடித்து, இன்னோர் இடத்தில் மெலிந்திருக்கிறதா? நடுத்துண்டு ஒரு பக்கம் எழும்பியோ தாழ்ந்தோ இருக்கிறதா? கோட்டில் ஒட்டுப் பசையோ ஈயமோ போலப் பளபளப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மயிரிழை வெளிச்சம் தெரிகிறதா? கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அசைகிறதா? வளையத்திலிருந்து நடுத்துண்டுக்கு வரும் கதிர் சற்றே விலகி உடைந்தது போல் தெரிகிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் அது கவலைக்குரிய காசு.

இன்னும் மலிவான வேலையும் உண்டு. ஒரே உலோகத் துண்டில் அச்சடித்துவிட்டு, நடுவை வெள்ளையாகவோ வளையத்தை மஞ்சளாகவோ முலாம் பூசிவிடுவார்கள். அதில் சேரும் கோடே இருக்காது, நிறம் மாறும் எல்லை மட்டும் இருக்கும். அந்த எல்லை எழுத்தின் உயர்ந்த விளிம்புகளில் தேய்ந்து, அடியில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். விளிம்பைப் பார்த்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நல்ல காசிலும் நடுத்துண்டு தளர்வது உண்டு. யாரோ சுத்தியலால் அடித்திருப்பார்கள், வாகனம் ஏறியிருக்கும், நெருப்பில் விழுந்திருக்கும். அப்போது அடிபட்ட தழும்பு கூடவே தெரியும். தழும்பே இல்லாமல் தளர்ந்திருப்பதுதான் கேள்விக்குரியது.

"விளிம்பு மொழுமொழுன்னு இருக்கு" அல்லது "விளிம்பில் கோடு ஓடுது"

காசின் விளிம்பைப் பலர் பார்ப்பதே இல்லை. கள்ளக் காசு செய்பவர்களும் அங்கேதான் மெனக்கெடுவது குறைவு. சந்தேகக் காசையும் நல்ல காசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்து, பற்கள் போன்ற வரிகளின் இடைவெளியையும் ஆழத்தையும் ஒப்பிடுங்கள். 1992 வகை ஐந்து ரூபாயில் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு ஓடும், பழக்கமில்லாதவர்கள் அதையே ஒட்டுத் தையல் என்று நினைத்துவிடுவார்கள், அது சரியான காசு. இருபது ரூபாய் பன்னிரண்டு பக்கம் கொண்டது, விளிம்பில் வரிகளே கிடையாது, அதுவும் சரி. உலகம் முழுக்கவே நாணயச்சாலைகள் கள்ளக் காசை எதிர்க்க வடிவத்தை மாற்றுகின்றன. பிரிட்டனில் வட்டமான ஒரு பவுண்டுக் காசில் போலிகள் பெருகியதால், 2017 மார்ச்சில் இரட்டை உலோகத்தில் பன்னிரண்டு பக்கக் காசைக் கொண்டுவந்தார்கள், பழையது அதே ஆண்டு அக்டோபரில் செல்லாமல் போனது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய கோடு எது? வார்ப்பில் செய்த காசில் இரண்டு அச்சுகளும் சேரும் இடத்தில், விளிம்பின் நடுவே ஒரு மெல்லிய மேடு ஓடும். அதை அரத்தால் தேய்த்து அழித்திருந்தால், விளிம்பின் குறுக்கே நீளமாக அரக்கீறல்கள் இருக்கும், வரிகள் அங்கங்கே காணாமல் போயிருக்கும். உருக்கிய உலோகத்தை ஊற்றிய ஒரு புள்ளியில் சிறு தடிப்பும் தெரியலாம். காசைப் பொறுமையாகச் சுழற்றி முழு வட்டத்தையும் பாருங்கள், ஒரு பக்கம் சுத்தமாக இருந்து மறுபக்கத்தில் இது ஒளிந்திருக்கும்.

"எழுத்து மழுங்கி இருக்கு"

தேய்மானமா, வார்ப்பா என்பதே கேள்வி. தேய்ந்த காசில் உயர்ந்த பகுதிகள் மட்டும் தேயும்: சிங்கங்களின் முகம், எண்ணின் மேற்பரப்பு. எழுத்தின் அடிப்பகுதி, அதாவது எழுத்தும் தளமும் சேரும் மூலை, கூர்மையாகவே இருக்கும். தளத்தில் நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். வார்த்த காசில் எல்லாமே ஒரே மாதிரி சோப்புக்கட்டி கரைந்தது போல மழுங்கியிருக்கும், அடிமூலையும் வழுவழுப்பாக உருண்டிருக்கும். தளத்தில் கீறலுக்குப் பதிலாகக் குழிகளும் சின்னஞ்சிறு கொப்புளங்களும் தெரியும். உருக்கிய உலோகத்தில் அடைபட்ட காற்று விட்டுச் சென்றவை அவை.

அச்சடித்த போலிகள் இதில் தப்பிவிடும். அவற்றில் எழுத்து கூர்மையாகவே இருக்கும். அங்கே எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள்: எண்ணின் வளைவு, இந்தி எழுத்தின் மேற்கோடு, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. நல்ல காசைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே படத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பியது பிடிபடும்.

"கறுத்துப்போச்சு, நிறம் மாறியிருக்கு"

பெரும்பாலும் கவலை வேண்டாம். செம்பு கலந்த உலோகம் வியர்வை, உப்பு, குங்குமம், ஈரம் எல்லாவற்றிலும் கறுக்கும். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பு நிறம் வரும், அதுவும் செம்பின் குணம்தான். எஃகு சேராத காசில் ஆரஞ்சு நிறத் துரு உதிர்ந்தால் மட்டும் காந்தச் சோதனைக்குப் போங்கள்: உள்ளே வெறும் இரும்பு, மேலே முலாம் என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

"படம் கோணலா இருக்கு", "கீழே ஏதோ குறி இருக்கு"

நம் காசுகளில் சிங்க முகத்தை நிமிர்த்திப் பிடித்து, இடமிருந்து வலமாகப் புரட்டினால் மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்கும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் அச்சு நழுவியிருக்கிறது என்று அர்த்தம், நாணயச்சாலையிலேயே அப்படி நேர்வது உண்டு. அப்படிப்பட்ட பிழைக் காசுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோணல் மட்டும் இருந்து எடை, விளிம்பு, உலோகம் எல்லாம் சரியாக இருந்தால் அது நல்ல காசு.

ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறி, காசு எங்கே அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். வைரம் போன்ற குறி மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா. நட்சத்திரம் இல்லாததால் போலி என்று சொல்வதில் பொருளே இல்லை. 1999, 2000 ஆண்டுகளில் வெளிநாட்டிலும் காசு அடித்து வாங்கினார்கள். மாஸ்கோவில் அடித்தவற்றில் ரஷ்ய எழுத்தில் சிறு குறி இருக்கும், அதுவும் செல்லும்.

"ஒரே மாதிரி காசு மொத்தமா வந்திருக்கு"

கடை வைத்திருப்பவர்களுக்கும், சில்லறை மொத்தமாக வாங்குபவர்களுக்கும் இது மிக முக்கியம். தனிக் காசில் தெரியாதது கூட்டத்தில் தெரியும். ஒரு காசின் சிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது என்று வையுங்கள். அது எங்கோ இடித்து விழுந்த தழும்பு. ஆனால் அதே பள்ளம், அதே இடத்தில், அதே வடிவத்தில் இன்னும் நாலு காசிலும் இருந்தால்? நாலு காசு ஒரே இடத்தில் ஒரே மாதிரி இடிபட வாய்ப்பே இல்லை. ஒரு நல்ல காசை மாதிரியாக வைத்து அச்சு எடுத்தபோது அதிலிருந்த தழும்பும் சேர்ந்து பதிந்திருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. நல்ல காசுகளிலும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு திரும்பத் திரும்ப வரலாம், அச்சில் விரிசல் விட்டால் அப்படி வரும். ஆனால் அது மேடாக எழும்பி நிற்கும். பள்ளமாகத் திரும்பத் திரும்ப வருவதுதான் போலியின் அடையாளம்.

ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலைக் குறி, எல்லாம் புத்தம் புதுசு, ஆனால் வங்கி முத்திரையுள்ள பை இல்லை, முகமதிப்பைவிடக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பூதக்கண்ணாடியே தேவையில்லை. வாங்காதீர்கள்.

சந்தேகம் உறுதியானால்

ஒரு அறிகுறி மட்டும் வந்தால் முடிவு கட்ட வேண்டாம். எடையும் விளிம்பும், அல்லது காந்தமும் சேரும் இடமும் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சோதனைகளில் ஒரே காசு தோற்றால் தனியாக ஒரு உறையில் போடுங்கள். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்று நினைவிருப்பதை எழுதி வையுங்கள். வெட்டிப் பார்ப்பது, துளை போடுவது, உருக்குவது எதுவும் வேண்டாம். காசு நல்லதாக இருந்துவிட்டால் அதை அழிப்பதும் உருக்குவதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

இன்னொருவர் தலையில் அதைக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் வரும். ஏமாந்து வாங்கியது உங்கள் தவறு இல்லை. ஆனால் போலி என்று தெரிந்த பிறகு நல்ல காசு போல மாற்றுவது குற்றம், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 180ஆம் பிரிவு வைத்திருப்பதைப் பற்றியது. நேர்மையான வழியில் கைக்கு வந்தது என்று நிறுவினால் அது குற்றமாகாது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. எனவே பயப்படாமல் வங்கிக் கிளைக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஒரே மாதிரிக் காசுகள் பல சேர்ந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். போலி என்று உறுதியானால் அந்தப் பணம் திரும்பி வராது, அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

எல்லாச் சோதனையிலும் தேறிய காசை, யாரோ வதந்தியைக் கேட்டு வாங்க மறுக்கிறார் என்றால்? சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் ஆயிரம் ரூபாய் வரையும், ஐம்பது காசு பத்து ரூபாய் வரையும் கொடுக்கத் தகுந்தவை. கடைக்காரரிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லிப் பாருங்கள், கூடவே உங்கள் கையிலிருக்கும் பதினைந்து கோட்டுக் காசையும் பத்துக் கோட்டுக் காசையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அப்போதும் மறுத்தால் காசை வங்கியில் கணக்கில் போடுங்கள். காசு வாங்க மாட்டோம் என்று வங்கிக் கிளைகள் சொல்லக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் மறுத்தால் அந்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், கிளையின் பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும்.